இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கார் ஓட்டுவது: சேலத்திலிருந்து ஏற்காடு வரை ஒரு முழு வழிகாட்டி

கால் இரண்டும் வராத ஒருவர் கார் ஓட்டுகிறார் என்றால், பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது "பிரேக் எப்படிங்க பிடிப்பீங்க?" என்றுதான். நியாயமான கேள்வி. பதிலும் சுலபம்: கையால். அதற்குக் கருவி இருக்கிறது, சட்டத்தில் இடம் இருக்கிறது, பழகினால் கை தானாகப் போகும். யாரும் கேட்காத விஷயங்கள்தான் ஓட்டுகிறவரை உண்மையில் சோதிக்கின்றன. உட்காருமிடத்தின் தோல், நிரம்பும் சிறுநீர்ப்பை, வளைவில் சாயும் உடம்பு, சேலம் வெயிலில் கொதிக்கும் சீட். பிரேக்கைப் பற்றி இங்கே எழுதியிருக்கிறேன். இவற்றைப் பற்றி அதைவிட அதிகமாகவே எழுதியிருக்கிறேன்.

எனக்கு விபத்தில் தண்டுவடம் அடிபட்டு மார்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லை. அஸ்தம்பட்டிப் பக்கம் இருக்கிறேன், கையால் இயக்கும் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுகிறேன். அதனால் இந்த வழிகாட்டி முதன்மையாகத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எழுதியது.

உங்கள் உடம்பு எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான்: கால் வராது. ஓட்டுநர் சீட்டில் உட்காரும்போது இவை வெவ்வேறு விஷயங்கள்.

போலியோவால் கால் சூம்பியவருக்கு உணர்வு முழுதாக இருக்கும். சூடு தெரியும், அழுத்தம் தெரியும், சிறுநீர் வருவது தெரியும். கட்டுப்பாட்டுக் கருவியைக் கைக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. தண்டுவடம் முழுதாக அடிபட்டவருக்கு அசைவோடு உணர்வும் போய்விடும். தீயாய்ச் சுட்டாலும் தெரியாது. அதே நேரத்தில், "உனக்குத்தான் வலியே தெரியாதே" என்று சொல்வதும் தவறு. உணர்வில்லாத அதே காலில் நரம்பு வலி எரிச்சலாகவும் மின்சாரம் பாய்வது போலவும் பலருக்கு வரும். தொட்டால் தெரியாது, ஆனால் வலிக்கும். இதை வீட்டாருக்கே புரியவைக்க எனக்கு நாளானது.

பக்கவாதம் வந்தவரின் நிலை இன்னும் வேறு. அங்கே அடிபட்டது மூளை. கை கால் தேறிவிட்டாலும், பார்வையில் ஒரு பக்கம் விடுபடுவது, இடப்பக்கம் வருகிற வண்டியைக் கண் பார்த்தும் மனம் கவனிக்காமல் போவது, முடிவெடுக்கத் தாமதமாவது எல்லாம் இருக்கலாம். அவர்கள் நரம்பியல் மருத்துவரிடம் பார்வைப் புலத்தையும் கவனத்தையும் சோதித்துக்கொள்ளாமல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. வலிப்பு வந்திருந்தால் அதையும் மறைக்கக்கூடாது. இவையெல்லாம் சரியாக இருந்து வலது கால் மட்டும் பலவீனம் என்றால், ஆக்சிலரேட்டரை இடது காலுக்கு மாற்றும் கருவியே போதும்.

தண்டுவடத்தில் எந்த இடத்தில் அடி என்பதும் முக்கியம். இடுப்புப் பகுதியில் என்றால் வயிறு, முதுகுத் தசைகள் வேலை செய்யும். உடம்பு நிமிர்ந்து நிற்கும். மார்புப் பகுதியின் மேல்பாதியில் என்றால் கை நன்றாக இருக்கும், ஆனால் முண்டம், அதாவது கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள உடம்பு, நிலைக்காது. கழுத்தின் கீழ்ப்பகுதி என்றால் விரல் பிடி இருக்காது. மணிக்கட்டைச் செருகிக்கொள்ளும் மூன்று முளைப் பிடி போன்றவை தேவைப்படும். டிஸ்சார்ஜ் சம்மரியில் டி4, டி10, எல்1 என்று எழுதியிருப்பார்கள். டி என்றால் மார்புப் பகுதி, எல் என்றால் இடுப்புப் பகுதி; எண் குறையக் குறையப் பாதிப்பு மேலே இருக்கிறது என்று அர்த்தம். அந்த எழுத்தையும் எண்ணையும் மனப்பாடமாக வைத்திருங்கள். வண்டியில் எது தேவை, எது தேவையில்லை என்பதை அதுதான் சொல்லும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

மார்பில் டி6 அல்லது அதற்கு மேல் பாதிப்பு இருப்பவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, சிறுநீர்க் குழாய் மடங்கினாலோ, மலம் கட்டினாலோ, இறுக்கமான பெல்ட் அழுத்தினாலோ திடீரென்று ரத்த அழுத்தம் எகிறும். மண்டை பிளக்கிற தலைவலி, முகம் சிவப்பது, பாதிப்புக்கு மேலே வியர்த்துக் கொட்டுவது இதன் அடையாளம். ஓட்டும்போது வந்தால் ஓரங்கட்டி நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, பெல்ட்டையும் இறுக்கமான துணியையும் தளர்த்தி, குழாயையும் பையையும் உடனே பார்க்க வேண்டும். காரணம் நீங்காவிட்டால் தாமதிக்காமல் 108. பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடிய ஆபத்து இது. இதைப் பழக்கமில்லாத மருத்துவர்களும் உண்டு, நாமே சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்து மாத்திரை. தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பாக்லோஃபென், நரம்பு வலிக்குக் கொடுக்கும் மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுக்கும். அளவு மாற்றிய புதிதில் ஓட்டாதீர்கள். எந்த நேரம் போட்டால் பகலில் தெளிவாக இருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டு ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்.

சேலத்துக்காரர்கள் பலர் மறுவாழ்வு சிகிச்சைக்கு வேலூர் சி.எம்.சி. போகிறோம். அந்த மறுவாழ்வு மையம் 1966இல் உருவானதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். "கால் போச்சு, இனி என்ன வேலை" என்று சொல்லும் உறவினர்களிடம் நான் சொல்லும் முதல் பெயர் இவருடையது.

எந்தக் கார்

ஆட்டோமேட்டிக்தான். கிளட்சைத் தானியங்கியாக்கும் கருவிகள் உண்டு, ஆனால் ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை பிரேக்-ஆக்சிலரேட்டர் லிவரிலும் இருக்கும்போது கியர் மாற்ற மூன்றாவது கை கிடையாது. மலைச்சாலை போகும் எண்ணம் இருந்தால், ஏற்றத்தில் நின்றால் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மேனுவல் கியரையே தானாக மாற்றும் விலை குறைந்த ஏ.எம்.டி. வகைகளில் இது இல்லாத மாடல்களில் ஏற்றத்தில் கொஞ்சம் பின்வாங்கும். கையால் ஓட்டுபவருக்கு அது பதற்றம் தரும்.

ஷோரூமில் பாருங்கள்: முன்கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது? சீட்டின் உயரம் உங்கள் சக்கர நாற்காலி உயரத்துக்குச் சமமாக வருகிறதா? சமமாக இருந்தால் மாறுவது எளிது, எஸ்.யூ.வி. போல உயரமாக இருந்தால் தோள் தேயும். தோள்தான் நமக்குக் கால், அதை வீணாக்கக் கூடாது. சீட்டைப் பின்னால் தள்ளினால் சக்கர நாற்காலியின் சட்டம் உங்கள் மடிக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே நுழையுமா என்று நாற்காலியோடு போய்ப் பாருங்கள். விற்பனைப் பையன் அவசரப்படுத்தினால் மறுநாள் போங்கள்.

கைக்கட்டுப்பாடு பொருத்துவது

பெரும்பாலான கருவிகள் இப்படித்தான்: ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் ஒரு லிவர். தள்ளினால் ஒரு கம்பி பிரேக் பெடலை அழுத்தும். இழுத்தாலோ, கீழே அழுத்தினாலோ, முறுக்கினாலோ ஆக்சிலரேட்டர். காலால் ஓட்டுபவர் ஒரு பெடலிலிருந்து காலை எடுத்து இன்னொன்றில் வைக்க வேண்டும். நாம் பிடித்த லிவரையே திசை மாற்றித் தள்ளுகிறோம். "அவசரத்துக்குப் பிரேக் பிடிக்க முடியுமா?" என்ற சந்தேகத்துக்கு இதுவே பதில். பெடல்கள் அப்படியே இருப்பதால் வீட்டில் மற்றவர்களும் அதே காரை ஓட்டலாம்.

லிவர் எந்தக் கைக்கு என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இண்டிகேட்டர் ஸ்டியரிங்கின் வலப்பக்கம் இருக்கும். பிரேக்கை விடாமல் இண்டிகேட்டரும் ஹாரனும் போட முடிகிறதா என்று நின்ற வண்டியில் சோதியுங்கள். முடியாவிட்டால் லிவரிலேயே ஹாரன் பட்டன் வைத்துத் தரச் சொல்லலாம். ஸ்டியரிங்கில் ஒரு சுழல் குமிழ் அவசியம். ஒற்றைக் கையால் முழு வட்டம் சுற்ற அதுதான் உதவும்.

இதோடு பெடல் மறைப்புத் தகடு போடச் சொல்லுங்கள். நமக்குக் கால் திடீரென்று துடித்து உதைக்கும். பாதம் பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால், லிவரை எவ்வளவு தள்ளினாலும் பெடல் இறங்காது. பலர் இந்தத் தகட்டை வேண்டாத செலவு என்று விடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனை நிலையத்தின் ஒப்புதல் பெற்ற கருவியா என்று கேட்டு, சான்றிதழ் நகலை வாங்கி வையுங்கள். லேத்துப் பட்டறையில் வெல்டு வைத்த லிவர் மலையிறக்கத்தில் உடைந்தால் மாற்று வழி கிடையாது.

காகித வேலை, சரியான வரிசையில்

இங்கேதான் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். எனக்குச் சரியாகத் தெரியும் வரிசை இது.

முதலில் யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்ற அளவு பல சலுகைகளுக்கு வாசல். இணையத்தில் விண்ணப்பித்து, மருத்துவச் சோதனைக்கு அழைக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் தாமாகப் போய்வர வாகனங்களை மாற்றியமைப்பதற்கு அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. கவுண்டரில் யாராவது "உங்களுக்கெல்லாம் லைசென்ஸ் கிடையாது" என்றால் இதைச் சொல்லலாம்.

அப்புறம் கார், அதில் கருவி பொருத்துதல், ஆர்.சி. என்னும் வண்டிப் பதிவுச் சான்றில் மாற்றத்தைப் பதிவு செய்தல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. 2019 திருத்தம் 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்ற வகையைச் சட்டத்தில் கொண்டுவந்தது. 2020 முதல் ஆர்.சி.யில் உரிமையாளர் வகையை 'திவ்யாங்ஜன்' (மாற்றுத்திறனாளி) என்று பதியவும் இடம் உண்டு. அதைப் பதிய வையுங்கள். சாலை வரி விலக்கையும் அதே நேரத்தில் கேளுங்கள். ஓமலூர், வைகுந்தம் சுங்கச்சாவடிகளைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இன்னொன்று: மாற்றுத்திறனாளிக்கென வடிவமைத்த வாகனத்துக்கு 2008 தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் விலக்கு இருக்கிறது. விலக்கு பெற்ற ஃபாஸ்டாக்குக்கு விண்ணப்பித்து வாங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் கண்ணாடியை இறக்கி வாதாட வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளி என்றால் காரின் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 ஆகக் குறையும் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சி.சி. வரையிலான பெட்ரோல் கார்களுக்கு எல்லாருக்குமே 18தான்.

பிறகு லைசென்ஸ். பழகுநர் உரிமத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்து, படிவம் 1ஏவில் மருத்துவர் சான்று இணைக்க வேண்டும். குறைபாடு இருக்கிறது என்பதற்காகவே மறுத்துவிட முடியாது. மாற்றியமைத்த வாகனத்தை ஓட்டத் தகுதி இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் அதற்கான உரிமம் தரலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 8ஆம் பிரிவே சொல்கிறது. பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். 30 நாளுக்குப் பிறகு தேர்வுக்குப் போகலாம். தேர்வு உங்கள் சொந்த வண்டியில்தான். விபத்துக்கு முன்பே லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் அதையே வைத்து ஓட்டக்கூடாது. மாற்றியமைத்த வாகன வகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்குக் கருவி பொருத்திய விவரத்தை எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால்தான் இழப்பீட்டில் சிக்கல். சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டா என்றும் அப்போதே கேளுங்கள்.

ஸ்கூட்டர் போதாதா என்று கேட்பவர்களுக்கு: தமிழக அரசு தரும் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் பலர் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. ஆனால் முண்டம் நிலைக்காதவருக்கு அதில் சாயச் சாய்மானம் இல்லை. உணர்வில்லாத கால் சூடான பாகத்தில் பட்டால் தெரியாது. மழைக்கும் வெயிலுக்கும் மறைவு இல்லை. உள்ளூருக்குச் சரி. மலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏறி உட்காருவது

நாற்காலியைக் கதவுக்குள் சாய்வாக நிறுத்தி, இரண்டு பிரேக்கும் போடுங்கள். கால்களை முதலில் உள்ளே வைப்பது சிலருக்கு வசதி, கடைசியில் வைப்பது சிலருக்கு. நடுவில் இடைவெளி இருந்தால் வழுக்குப் பலகை வைத்து நகருங்கள். உடம்பைத் தூக்கி நகர்த்துங்கள், தேய்த்து இழுக்காதீர்கள். ஒரு சிராய்ப்பு படுக்கைப் புண்ணாக மாறி மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வைத்துவிடும்.

உட்காரும் முன் சீட்டைக் கையால் தடவிப் பாருங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய கார் என்றால் ரெக்சின் சீட்டும் பெல்ட்டின் உலோகக் கொக்கியும் தோலைப் பொசுக்கிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. சாவி, பர்ஸ், செல்போன் எதுவும் பின்பாக்கெட்டில் இருக்கக் கூடாது. தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் வேண்டாம். கார் சீட்டின் மேல் மெல்லிய அழுத்தம் குறைக்கும் மெத்தை போட்டால், உயரம் கூடுவதால் கண்ணாடிகளை மறுபடி சரிசெய்யுங்கள். ஹீட்டரின் சூடான காற்று காலில் அடிக்காமல் பாருங்கள். தண்டுவடத்தில் மேலே பாதிப்பு உள்ளவர்களுக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்க்காது, உடம்பு சூடேறிக்கொண்டே போகும், அவர்களுக்கு ஏ.சி. ஆடம்பரமல்ல.

கடைசியாக மார்புப் பட்டை. சீட் பெல்ட்டுக்குக் கூடுதலாக, மார்பைச் சீட்டோடு சேர்த்துப் பிடிக்கும் அகலப் பட்டை. ஏன் என்பது மலையில் தெரியும்.

பழகுவது

தொடக்கத்தில் காலியான மைதானம். நிறுத்துவது, நகர்வது, மறுபடி நிறுத்துவது. வேகம் பிறகு. பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் கண்டிப்பாக இருக்க வேண்டும். இரண்டு சீட்டுக்கும் நடுவே கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் உள்ள கார் என்றால் அவரும் நிறுத்த முடியும். பிறகு விடிகாலையில் கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம், அப்புறம் கோரிமேடு. ஐந்து ரோட்டையும் செவ்வாய்ப்பேட்டை மார்க்கெட்டையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் லிவரை ஓயாமல் தள்ளி இழுப்பதில் தோளும் மணிக்கட்டும் கடுக்கும்.

அரை மணிக்கு ஒருமுறை ஓரங்கட்டி, முன்னால் குனிந்தும் பக்கவாட்டில் சாய்ந்தும் பின்பக்க அழுத்தத்தை விடுவியுங்கள். இதையும் பழக்கத்தின் ஒரு பாகமாகவே பழகுங்கள்.

ஏற்காடு மலைச்சாலை

அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்பும் முன் வீட்டிலேயே சிறுநீரைக் குழாய் போட்டு எடுத்துவிடுங்கள். வழியில் நமக்கேற்ற கழிப்பறையை நம்பிப் போக முடியாது. மே மாதக் கோடை விழா நாட்களில் நெரிசலில் எவ்வளவு நேரம் நிற்போம் என்று சொல்ல முடியாததால், காலில் கட்டும் பை போட்டுக்கொள்வது நல்லது.

வளைவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வண்டி வலப்பக்கம் திரும்புகிறது. முண்டத்தைப் பிடிக்கத் தசை இல்லாததால் உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. விழாமல் இருக்கக் கை தானாக எதையாவது பற்றும். கையில் இருப்பதோ லிவர். உடம்பின் எடையோடு அதை இழுத்தால் வளைவுக்கு நடுவே ஆக்சிலரேட்டர் கூடும். தள்ளினால் திடீர் பிரேக். மார்புப் பட்டையும் இடுப்புக்கு இருபுறமும் செருகும் தலையணையும் இதைத்தான் தடுக்கின்றன. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திரும்பும்போது லிவரை அசைக்காமல், வண்டி நேரான பிறகு வேகம் கூட்டுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன். குறுகிய இடத்தில் எதிரெதிரே வந்தால் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. பெரிய பேருந்து இறங்கி வந்தால் விதியை நினைக்காமல் நாம் ஒதுங்குவதே நல்லது.

இறங்குவதுதான் கடினம். வண்டியை 'எல்' அல்லது மேனுவல் முறையில் தாழ்ந்த கியரில் போட்டு, இஞ்சினே வேகத்தைப் பிடிக்கும்படி விடுங்கள். அடிவாரம் வரை கையால் பிரேக்கைத் தள்ளிக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும், கையும் சோர்ந்துவிடும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதோ இஞ்சினை அணைப்பதோ கூடவே கூடாது. இஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் நின்று, பெடல் கல்லாகிவிடும். காலின் பலத்தை எதிர்பார்த்து வடிவமைத்த பெடலை அப்போது கையால் அழுத்துவது மிகக் கடினம். மூடுபனி இறங்கிவிட்டால் மேலேயே தங்கிவிடுங்கள்.

வழியில் மனிதர்கள்

பெட்ரோல் பங்கில் என் பக்கத்தில் இருப்பவரிடம், "சார் எவ்வளவுக்குப் போடச் சொல்றாருங்க?" என்று கேட்பார்கள். கால் செயலிழந்தால் காதும் புத்தியும் சேர்ந்து போய்விடும் என்று நினைப்பவர்கள் அவ்வளவு பேர். "அண்ணா, என்கிட்டயே கேளுங்க" என்று சொன்னால் பெரும்பாலும் உடனே திருத்திக்கொள்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் நான்கு அடி நடந்துவிட்டால் "நடிக்கிறான்" என்று சொல்வதும் நடக்கிறது. பாதி பாதிப்பு உள்ள பலர் கொஞ்சம் நடப்பார்கள், தூரம் போக நாற்காலி வேண்டும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

உதவ வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். கேட்காமல் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால்தான் தோளும் தோலும் அடிபடும். "நாற்காலியை மட்டும் பிடிச்சுக்கோங்க, நானே மாறிக்கிறேன்" என்று ஒரே வாக்கியத்தில் வேலையைச் சொல்லிவிடுங்கள்.

டாஷ்போர்டில் வைக்க வேண்டிய தாள்

தமிழில் ஒரு தாள் எழுதி, பெரிய எழுத்தில், லேமினேட் செய்து முன்னாலேயே வையுங்கள். தண்டுவடப் பாதிப்பு எந்த இடத்தில், அதற்குக் கீழே உணர்வில்லை என்பதால் கால் எலும்பு முறிந்தாலும் சொல்லத் தெரியாது, எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்ற குறிப்பு, டி6 அல்லது அதற்கு மேல் என்றால் தலைவலியும் வியர்வையும் வந்தால் முதலில் சிறுநீர்க் குழாயைப் பார்க்க வேண்டும் என்பது, சாப்பிடும் மாத்திரைகள், பாக்லோஃபெனை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்பது, வீட்டு எண். விபத்துக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033. கூடவே, காரிலிருந்து நம்மை இறக்குகிறவர்கள் மெத்தையையும் சக்கர நாற்காலியையும் எங்கேயாவது விட்டுவிடாமல் நம்மோடு ஏற்ற வேண்டும் என்றும் எழுதுங்கள். கடினமான ஸ்ட்ரெச்சரில் நேரம் போகப் போக, அடிபடாத தோலிலும் புண் தொடங்கிவிடும்.